முள் இரண்டிலிருந்து நான்கு வரை

மார்ச் 3

தன்னை அளப்பார் எவருமின்றித் தான் அனைத்தையும் அளந்து நிற்கும் பேரருளின் திருவடியை நெஞ்சில் இருத்தி இக்கடிதத்தைத் தொடங்குகிறேன். எழுதும் கை தளராதிருக்கவும், எழுதப்படுவது மெய்யன்றி வேறாகாதிருக்கவும் அவனே துணை.

அன்புள்ள மைத்துனனுக்கு உன் அத்தான் எழுதுவது.

தொலைபேசியில் என் குரல் கேட்டதும் இருமுறை துண்டித்தாய். மூன்றாம் முறை முயல எனக்குத் துணிவு வரவில்லை. கடிதத்தைக் கிழிக்கலாம், ஆனால் கிழிப்பதற்கு முன் முதல் வரியையேனும் படித்துவிடுவாய் என்று உன் அக்காள் சொல்கிறாள். ஆகவே சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்கிறேன். நான் பிழை செய்துவிட்டேன். உன் தொட்டியில் அன்று போதிய தண்ணீர் இருந்தது.

நடந்தவற்றை நீ அறிவாய். ஆயினும் தன் பிழையை முழுதும் எடுத்துரைக்காமல் ஒருவன் கேட்கும் மன்னிப்பு பாதி மன்னிப்பே என்பது என் எண்ணம். ஆதலால் முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்.

சனவரித் திங்களில் நூல் கிடங்கு தீப்பற்றியபோது, தீயணைப்பு வண்டியினர் தெருக்குழாயைத் திறந்தார்கள். ஒரு சொட்டும் வரவில்லை. கிடங்கு எரிந்தது; காவலாளியின் இரு உள்ளங்கைகளும் வெந்தன. தொட்டியில் எப்போதும் பத்து அடிக்குக் குறையாமல் நீர் நிற்க வேண்டும் என்பது விதி. தொட்டி உன் பொறுப்பு. விசாரணைக் குழுவில், முப்பது ஆண்டு வேறொரு தொட்டியைக் காத்து ஓய்வுபெற்றவன் என்பதால் என்னை அமர்த்தினார்கள். உறவினன் என்று சொல்லி நான் விலகியிருக்க வேண்டும். மாறாக, உறவென்றும் பாராமல் நடுநின்றான் என்று நாலு பேர் சொல்லட்டும் என்னும் ஆசை எனக்குள் இருந்தது. அந்த ஆசைக்கு நடுநிலை என்று நானே பெயர் சூட்டிக்கொண்டேன்.

விசாரணைப் படிவத்தில் இரண்டு கட்டங்களே இருந்தன: அன்றைய நாளில் தொட்டியின் அளவுப் பலகையில் முள் காட்டிய மிகச் சிறிய எண், மிகப் பெரிய எண். இரண்டு, நான்கு என்று நிரப்பியிருந்தது. என் தொட்டியின் பலகையில் முதற்கோடு வெறுமை, ஒன்பதாம் கோடு நிறைவு, ஒரு கோட்டுக்கு இரண்டு அடி. எண்ணில் ஒன்றைக் கழித்து இரண்டால் பெருக்கினால் நீரின் ஆழம். முப்பது ஆண்டு மனத்திற்குள் போட்ட கணக்கு. விரலை மடக்காமலே சொன்னேன், இரண்டடியிலிருந்து ஆறடி வரை என்று. அவ்வளவு குறைந்த நீர் தெருக்குழாய்க்கு எட்டாது என்று குழு முடிவு கட்டியது. உன்னை மலைமேல் நீரேற்று நிலையத்துக்கு மாற்றினார்கள். முப்பத்தொன்றாம் தேதி நிரந்தரப் பணிநீக்க ஆணை வரப்போகிறது.

சென்ற வாரம் குழுவின் தாள்கள் எனக்குத் திரும்பி வந்தன. உன் அக்காளுக்குக் கண் அறுவை முடிந்து புதுக்கண்ணாடி வந்திருக்கிறது. அந்த மகிழ்ச்சியில், மருந்துச் சீட்டு முதல் சோப்பு உறை வரை கையில் கிடைப்பதையெல்லாம் வாசித்துக்கொண்டிருக்கிறாள். உன் பதிவேட்டின் அந்த நாளைய பக்கத்தையும் வாசித்தாள். வாசித்தவள் கேட்டாள்:

"என்னங்க, ஆறு மணிக்கு மோட்டார் போட்டான்னு எழுதியிருக்கான். அப்ப முள் நாலு. ஒன்பது மணிக்கு மோட்டாரை நிறுத்துறான். அப்ப ரெண்டு. தண்ணி ஏத்த ஏத்த எண்ணு எப்படிங்க குறையும்?"

"நீ தப்பா படிக்கிறே."

"புதுக்கண்ணாடி போட்டிருக்கிறது நானு. நீங்க இன்னும் பழசுதான்."

வாங்கிப் பார்த்தேன். அவள் படித்தது சரி. மூன்று மணி நேரம் நீர் ஏறியிருக்கிறது, எண் இறங்கியிருக்கிறது. உன் பலகையில் எண்கள் தலைகீழாக எழுதப்பட்டிருந்தன என்பதைத் தவிர இதற்கு வேறு பொருளில்லை. குழு கேட்டது இரு முனைகளை மட்டும். முனைகளுக்கு இடையே எது முன், எது பின் என்று நானும் பார்க்கவில்லை.

தம்பி, பழைய பலகையைத் தீ நடந்த மறுவாரமே கழற்றிப் புதிது மாட்டிவிட்டார்கள். அது எப்படி இருந்தது என்று சொல்லக்கூடியவன் நீ ஒருவனே. எழுது.

உன் அத்தான்


மார்ச் 8

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளரும் விசாரணைக் குழு உறுப்பினருமாகிய ஐயா அவர்களுக்கு, மலைமேல் நீரேற்று நிலைய உதவியாளன் பணிவுடன் எழுதுவது.

தங்கள் கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. இங்கே படிப்பதற்கு வேறு எதுவும் இல்லை என்பதே காரணம்.

தாங்கள் அனுப்பிவைத்த இடத்தைத் தாங்கள் பார்த்ததில்லை அல்லவா? ஓர் அறை, இரண்டு மோட்டார், கால் உடைந்த நாற்காலி. நாற்காலியை எந்தப் பக்கம் சாய்த்து உட்கார வேண்டும் என்று தெரிந்துகொள்ளவே எனக்கு நான்கு நாள் ஆயிற்று. மோட்டார் ஓடும்போது பேசினால் கேட்காது. ஓடாதபோது பேசுவதற்கு ஆளில்லை. என் மனைவி வாரம் ஒருமுறை வருகிறாள். வரும்போதெல்லாம், "உங்க அத்தான் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு எங்க அப்பாவே நம்பிட்டாரு" என்று சொல்லிவிட்டு அழுகிறாள். என் மாமனார் என்னோடு பேசுவதில்லை.

மோட்டார் நேரத்தை இப்போது கவனித்தீர்கள். நல்லது. அன்று அந்த அறையில் நடந்ததை நினைவூட்டுகிறேன். தலைவர் என்னைக் கேட்டார்: "அன்னிக்கு முள் எங்க நின்னுது?"

"ரெண்டுலேர்ந்து நாலுக்குள்ளங்க."

அவர் உங்கள் பக்கம் திரும்பினார். "இதுக்கு எத்தனை அடி சார்?"

நீங்கள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னீர்கள்: "ரெண்டடியிலிருந்து ஆறடி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க அத்தானுக்கு எல்லாம் தெரியும். அவர் சொல்றதையே எழுதிக்கோங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அந்தச் சிரிப்பைத்தான் நீங்கள் 'பொறுப்பற்ற அலட்சியம்' என்று அறிக்கையில் எழுதினீர்கள். உங்கள் எழுத்து அழகான எழுத்து. படித்தவர் எல்லாரும் நம்பிவிட்டார்கள்.

நான்கு ஆண்டாக அந்தப் பலகை தலைகீழாகத்தான் இருந்தது. கயிறு அறுந்து பழைய பலகை விழுந்து உடைந்தது. புதிதாக எழுத வந்தவர் மருத்துவமனைகளில் குழந்தைகளின் உயரம் அளக்கும் பட்டை எழுதிப் பழகியவர். கீழே ஒன்று, மேலே ஒன்பது என்று எழுதிவிட்டுப் போனார். தொட்டிக்குள் நீரோடு மிதவை ஏறினால், கயிற்றின் மறுமுனையில் வெளியே தொங்கும் முள் இறங்கும் என்பது அவருக்கு யார் சொல்லித் தெரியும்? மாற்றித் தரும்படி மூன்று முறை அலுவலகத்துக்கு எழுதினேன். நான்கு ஆண்டில் என் வீட்டு விசேஷங்களுக்கு எத்தனையோ முறை வந்திருக்கிறீர்கள். தொட்டி என் வீட்டிலிருந்து இரண்டு தெரு. ஒருமுறை நடந்து வந்து நிமிர்ந்து பார்த்திருந்தால் போதும்.

அன்று கேட்காததை இன்று கேட்கிறீர்கள். என்னிடம் சொல்வதற்கு ஒன்றுமில்லை. அக்காவின் கண் சரியாகிவிட்டது என்பதில் மட்டும் மகிழ்ச்சி.

இப்படிக்கு
தங்கள் கீழ்ப்படிந்த ஊழியன்


மார்ச் 12

அன்புள்ள மைத்துனனுக்கு,

நீ எழுதியதில் ஒரு சொல்லும் மிகையில்லை. நீ எழுதிய மறுமொழியை முழுதும் உன் அக்காளுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். 'அழகான எழுத்து' என்ற இடத்தில் நிறுத்தி, இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.

உன் முகத்தை நான் பார்க்காததற்குக் காரணம் சொல்கிறேன். இது நியாயம் ஆகாது, காரணம் மட்டுமே. பார்த்தால் இரங்கிவிடுவேன் என்று அஞ்சினேன். இறைவன் முன் நாள்தோறும் தலை தாழ்த்தும் நான், உன் பலகை முன் ஒருநாள் தலை நிமிர்த்திப் பார்த்திருந்தால் பிழை நேர்ந்திராது. சலுகை காட்டினான் என்ற சொல்லுக்கு அஞ்சி, கேட்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேளாதுவிட்டேன். அயலான் ஒருவன் உன் இடத்தில் நின்றிருந்தால் கட்டாயம் கேட்டிருப்பேன். உறவினன் என்பதால் உனக்குக் குறைவாகவே நீதி கிடைத்தது.

என் அறிக்கை பிழையென்று எழுதிக் கையொப்பமிட்டுச் செயற்பொறியாளரிடம் நேரில் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சார், நீங்களே எழுதினீங்க, இப்ப நீங்களே இல்லங்கிறீங்க. சரி, மோட்டார் நேரத்தைப் பார்த்தா எண் குறையும்போது தண்ணி ஏறியிருக்கு, ஒத்துக்கிறேன். ஆனா எத்தனை அடி? மூணடியிலிருந்து ஏழடிக்கு ஏறியிருந்தாலும் இதே மாதிரிதானே இருக்கும்? அப்பவும் பத்துக்குக் கொறைச்சல்தானே?"

அவர் கேட்டது முறையான கேள்வி. தொட்டியில் நின்ற நீரின் அடிகளைப் பாடநூல்கள் மதிப்பகம் என்று அழைக்கும். பலகையில் தெரிந்த எண்களை வீச்சகம் என்று அழைக்கும். ஒன்றை மற்றொன்றாக்கும் விதி நேரியல் சார்பு. ஒரே கயிறு, ஒரே கப்பி, இடையில் வளைவதற்கு ஒன்றுமில்லை; ஆகவே விதி நேர்கோடுதான். வீச்சகம் நம் கையில் இருக்கிறது, இரண்டு முதல் நான்கு. மதிப்பகமோ அன்றே வடிந்து போயிற்று. தெரிந்ததைப் பற்றிக்கொண்டு தெரியாததற்குத் திரும்பிச் செல்ல வேண்டுமானால் விதி முழுமையாகத் தெரிய வேண்டும். கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை உன் அக்காள் கண்டுவிட்டாள். அது எங்கே நிற்கிறது என்பதற்கு இரண்டு புள்ளிகள் வேண்டும்: இன்ன ஆழத்தில் முள் இன்ன எண்ணில் நின்றது என்னும் உறுதியான இரண்டு செய்திகள். எழுத்தில் இருக்க வேண்டும். நினைவு போதாது என்கிறார்.

உனக்காக இதைக் கேட்க எனக்கு உரிமையில்லை. வேறொருவருக்காகக் கேட்கிறேன். நூல் கிடங்குக்குப் போன அதே தீயணைப்புக் குழாய்தான் அடுத்த தெருவிலுள்ள மகப்பேறு மருத்துவமனைக்கும் போகிறது; அன்றாடம் புழங்கும் நீர் வேறு குழாயில் வருவதால் அவர்களுக்கும் இது தெரியாது. தொட்டியில் போதிய நீர் இல்லை என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டதால், குழாயை இதுவரை ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. தொட்டியில் போதிய நீர் இருந்திருந்தால், அந்த நீர் வழியில் எங்கோ தடைப்பட்டிருக்கிறது. இன்றும் தடைப்பட்டே நிற்கிறது. அங்கே ஒரு பொறி விழுந்தால் என்ன ஆகும்? என் பிழை உன்னோடு நிற்கவில்லை, தம்பி.

இதை உன் அக்காளிடம் சொன்னேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அவன் கோவத்தை அவன் வச்சுக்கட்டும், நியாயமான கோவம். ஆனா பிள்ளை பெக்க வந்தவங்களுக்கும் அந்தக் கோவத்துக்கும் என்ன சம்பந்தம்னு அவனைக் கேளுங்க. பதில் இல்லைன்னா நானே மலையேறி வரேன்னு சொல்லுங்க. முட்டிவலியோட."

உன் அத்தான்


மார்ச் 17

அத்தான் அவர்களுக்கு,

அக்காவை மலையேற விடாதீர்கள். ஏறினால் இறங்கும் வரை என்னைத் திட்டிக்கொண்டே இருப்பாள்; நிலையத்தில் இரண்டு மோட்டார் சத்தமே போதும்.

மருத்துவமனைக் குழாயை நான் நினைக்கவில்லை. ஏழு வாரமாக எனக்கு நேர்ந்த அநீதியை ஒவ்வொரு நாளும் எடுத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் எங்கே நின்றது என்று ஒருநாளும் கேட்டுக்கொள்ளவில்லை. தொட்டிக்காரன் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி அது.

இரண்டு புள்ளிகள் கேட்டீர்கள். இரண்டும் என் பதிவேட்டில், என் கையெழுத்தில், மேற்பார்வையாளரின் கையொப்பத்துடன் இருக்கின்றன. சென்ற ஆகஸ்ட் பதினெட்டாம் தேதிப் பக்கத்தைப் பாருங்கள்: 'தொட்டி கழுவுவதற்காக முழுதும் வடிக்கப்பட்டது. முள் 9.' அன்று நானே உள்ளே இறங்கித் தரையைத் தேய்த்தேன், முழங்கால் நனையவில்லை. பிறகு நவம்பர் ஆறு: 'வழிகுழாயில் நீர் வழிந்தது. முள் 1.' அன்று எதிரே உள்ள தையற்கடை வாசலில் நீர் புகுந்து, தைத்து வைத்திருந்த ஆறு கால்சட்டைகள் நனைந்தன. கடைக்காரர் என் மூன்று தலைமுறையையும் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லாமல் வாழ்த்தினார். புகாரும் எழுதிக் கொடுத்தார். அதுவும் கோப்பில் இருக்கும். வழிகுழாய் தரையிலிருந்து பதினாறு அடி என்பது தொட்டியின் வரைபடத்திலேயே உண்டு.

ஆக, நீர் பூச்சியம் என்றால் முள் ஒன்பது. நீர் பதினாறு என்றால் முள் ஒன்று. பதினாறு அடிக்கு எட்டுக் கோடு. ஒரு கோட்டுக்கு இரண்டடி. ஒன்பதிலிருந்து முள்ளின் எண்ணைக் கழித்து இரண்டால் பெருக்க வேண்டும். முள் இரண்டு என்றால் பதினாலடி. முள் நான்கு என்றால் பத்தடி. தீப்பற்றியது பதினொரு மணிக்கு, அப்போது முள் மூன்று, பன்னிரண்டடி.

ஒரு விஷயம் உங்களிடம் மறைக்கக்கூடாது. காலை ஆறு மணிக்கு முள் நான்கு என்று எழுதியிருக்கிறேன். முள் அன்று நான்காம் கோட்டின் மேலேயே நின்றது. பத்தடி, ஒரு விரற்கடை மிச்சமில்லை. பதிவேட்டில் முழு எண்தான் எழுதுவது வழக்கம். இங்கே சம்பளச்சீட்டு கொண்டுவரும் எழுத்தர், விவரம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மூணரை இருந்துச்சு, நாலுன்னு எழுதிட்டேன்னு சொல்லிடுப்பா. பலகையே இல்ல, யாரு வந்து பாக்கப்போறா?"

யாரும் வரமாட்டார்கள்தான். ஆனால் முள் நான்கில்தான் நின்றது. பத்து போதாது என்று அவர்கள் சொன்னால் சொல்லட்டும். குழாயை மட்டும் தோண்டச் சொல்லுங்கள்.

அக்காவிடம் சொல்லுங்கள், நான் தப்பாகப் படிக்கிறேன் என்று இனி யார் சொன்னாலும் அவரை அவளிடம் அனுப்பிவைப்பேன்.

மைத்துனன்


மார்ச் 25

அன்புள்ள தம்பிக்கு,

இறைவன் கருணையை எவ்விதம் எழுத்தில் அடக்குவேன்! நேற்று முற்பகல் குழு மீண்டும் கூடியது. நடந்ததை வரிசை மாறாமல் சொல்கிறேன். வரிசையை விட்டதால் வந்த வினையை இருவரும் அறிவோம்.

முதலில் என் பழைய அறிக்கையை நானே எழுந்து வாசித்தேன். 'பொறுப்பற்ற அலட்சியம்' என்னும் தொடர் வந்தபோது நிறுத்தினேன். தண்ணீர் குடித்துவிட்டு வாசித்தேன். பின்பு, இவ்வறிக்கை முற்றும் பிழை, பிழை என்னுடையது, ஊழியருடையது அன்று என்று சொல்லி உன் இரண்டு பக்கங்களையும் தையற்காரரின் புகாரையும் மேசைமேல் வைத்தேன். புகாரைத் தலைவர் உரக்கப் படித்தார். மூன்று தலைமுறை வந்த இடத்தில் அவராலேயே சிரிப்பை அடக்க முடியவில்லை.

கரும்பலகையில் கோடு வரைந்தேன். பூச்சியத்துக்கு ஒன்பது, பதினாறுக்கு ஒன்று. தலைவர் தாமே கணக்கிட்டார். "ரெண்டுக்குப் பதினாலு, நாலுக்குப் பத்து. அப்ப பதினாலிலிருந்து பத்து வரைன்னு எழுதவா?"

"பத்திலிருந்து பதினாலு வரைன்னு எழுதுங்க. இந்தப் பலகையில பெரிய எண்தான் சின்ன ஆழம். நான் விழுந்த குழியில நீங்களும் விழ வேணாம்."

தீயணைப்பு நிலைய அதிகாரி ஓர் அம்மையார். அவர் கேட்டார்: "பத்தே பத்தா? கொஞ்சம்கூட மேல இல்லையா?"

"பத்தே பத்துதான் அம்மா. விதியை வாசிச்சுப் பாருங்க. பத்து அடிக்குக் குறையக்கூடாதுன்னு இருக்கு. பத்து, பத்துக்குக் குறைவில்லை. எல்லைக்கோடும் வயலைச் சேர்ந்ததுதான்."

"முள் நாலைத் தாண்டி நாலேகால்ல நிக்கலைங்கிறதுக்கு என்ன சாட்சி?"

நான் உன் பதினேழாம் தேதிக் கடிதத்தை எடுத்து, மூன்றரை என்று சொல்லச் சொன்ன எழுத்தரின் பேச்சும் உன் விடையும் இருந்த பத்தியைக் காட்டினேன். அவர் இருமுறை படித்தார். மடித்துத் தந்தார். "மூணரைன்னு சொல்லியிருந்தா நான் கேட்டிருக்கவே மாட்டேன்" என்றார். உன்னிடம் கேளாமல் அக்கடிதத்தைக் காட்டியதற்கு மன்னித்துக்கொள். மன்னிக்க வேண்டியவற்றின் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது.

பின்பு அந்த அம்மையார் தாமே கரும்பலகையருகே சென்று, பதினொரு மணி, முள் மூன்று, பன்னிரண்டடி என்னும் இடத்தில் விரலை வைத்தார். வைத்தபடியே கேட்டார்:

"பன்னெண்டு அடி தண்ணி தலைக்கு மேல இருந்துச்சு. என் ஆளுங்க குழாயைத் திறந்துட்டு வெறுங்கையோட நின்னாங்க. அப்ப அந்தத் தண்ணி எங்க சார் நின்னுது?"

செயற்பொறியாளர் தெருவின் வரைபடத்தைக் கொண்டுவரச் சொல்லி ஆள் அனுப்பினார். உன் பணிநீக்க நடவடிக்கை அந்த நிமிடமே கைவிடப்பட்டது. எழுத்துமூலம் ஆணை இரண்டொரு நாளில் உன்னை வந்தடையும். நாளை காலை தெருவைத் தோண்டுகிறார்கள்.

ஒரு விண்ணப்பம் மட்டும் செய்தேன். என் பழைய அறிக்கையை அகற்றிவிடலாம் என்று தலைவர் பெருந்தன்மையாகச் சொன்னார். வேண்டாம், திருத்தத்தோடு சேர்த்து அதே கோப்பில் கட்டி வையுங்கள் என்றேன். பின்னால் அந்த நாற்காலியில் உட்காருபவர் இரண்டையும் படிக்கட்டும்.

நான்கு என்று எழுதியதற்கு உனக்கு எப்படி நன்றி சொல்வேன்! என் நாவின் பிழையை உன் கையின் நேர்மை மீட்டது.

உன் அத்தான்


மார்ச் 28

அன்புள்ள அத்தானுக்கு,

ஆணை வந்துவிட்டது. நான்கு வரிதான். மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததால் அஞ்சல்காரர் சொன்னது காதில் விழவில்லை. உறையின் மேலிருந்த முத்திரையைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். ஏப்ரல் முதல் நாள் பழைய தொட்டியில் சேர வேண்டும். என் மனைவி ஆணையைத் தன் அப்பாவிடம் எடுத்துக்கொண்டு போனாள். மாமனார் ஒரு மணி நேரம் பேருந்தில் வந்து, அறை வாசலில் நின்று, "மோட்டாரை நிறுத்துங்க மாப்பிள்ளை, கொஞ்சம் பேசணும்" என்றார். நேரம் ஆகவில்லை, நிறுத்த முடியாது என்றேன். முக்கால் மணி நேரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தார். எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த அளவுக்கு எனக்குப் பெருந்தன்மை வரவில்லை.

அத்தான், உங்கள் பிழையை எழுதினீர்கள். என்னுடையதை நான் எழுத வேண்டும். அன்று அந்த அறையில், 'எங்க பலகை தலைகீழா எழுதினதுங்க' என்று நான்கு சொல் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. நீங்கள் கேட்கவில்லை என்பதற்காகவே சொல்லவில்லை. நீங்கள் தவறு செய்வதைப் பார்த்து எனக்குள் ஒரு திருப்தி கூட இருந்தது. எல்லாம் தெரிந்த அத்தான் ஒருநாள் தெரியாமல் நிற்கட்டும் என்று. அந்தத் திருப்திக்காகக் குழாய் இரண்டு மாதம் மூடிக் கிடந்தது. அதற்குள் மருத்துவமனையில் ஏதாவது நேர்ந்திருந்தால், உங்கள் அறிக்கைக்குக் கீழே என் கையொப்பமும் இருந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத கையொப்பம்.

கிழித்துவிடக்கூடிய ஒரு கடிதத்தை நீங்கள் முதலில் எழுதினீர்கள். அதற்கு நன்றி. அறையில் எல்லார் முன்னும் எழுந்து உங்கள் அறிக்கையை நீங்களே வாசித்ததற்கும் நன்றி. அதை நான் உங்களிடம் கேட்டிருக்க மாட்டேன்.

தோண்டினார்களா? என்ன கிடைத்தது? அதை முதலில் எழுதுங்கள்.

உங்கள் மைத்துனன்


மார்ச் 30

எழுதியது எழுதியபடி நிலைக்கவும், பிழைத்தது பிழைத்தபடி நில்லாது திருந்தவும் அருள்புரிந்த பரம்பொருளை வணங்கி,

அன்புள்ள தம்பிக்கு,

நீ கேட்டதை முதலில் எழுதுகிறேன். தோண்டினார்கள். மூன்றடி ஆழத்தில் வால்வு அகப்பட்டது. முழுதும் அடைத்த நிலையில். சென்ற திசம்பரில் சாலை போட வந்தவர்கள் நீர் கசியாதிருக்க அடைத்திருக்கிறார்கள். வேலை முடிந்ததும் திறக்க மறந்து, அதன் மூடியின் மேலேயே தார் ஊற்றிச் சமப்படுத்திப் போய்விட்டார்கள். பார்ப்பவர்க்குத் தெரு அழகாக இருந்தது. உள்ளே குழாயின் கழுத்து நெரிபட்டிருந்தது. நான்கு பேர் சேர்ந்து திறவுகோலைத் திருகினார்கள், பதினேழு சுற்று. எண்ணிக்கொண்டே நின்றேன்.

பின்பு மருத்துவமனை வாசலில் உள்ள தீயணைப்புக் குழாயைச் சோதித்தார்கள். அந்த அம்மையார் தம் கையாலேயே திறந்தார். முதலில் காற்று வந்தது. பிறகு துருவும் மண்ணும் கலந்த செந்நீர் வந்தது. அதன்பின் வந்தது, தம்பி, உன் தொட்டியின் நீர். தெருவின் மறுபக்கச் சுவர் வரை பாய்ந்தது. செவிலியர் மாடத்தில் வந்து நின்றார்கள். பிறந்து இரண்டு நாள் ஆன குழந்தையை ஏந்திய ஒரு தாய் சன்னலருகே வந்து, கீழே என்ன ஆரவாரம் என்று பார்த்தாள். என்ன நேர்ந்திருக்கக்கூடும் என்று அவளுக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. தெரியாமலே ஒருத்தி பிள்ளையோடு வீடு திரும்புவதைக் காட்டிலும் மேலான நன்றியை நான் எந்த நூலிலும் படித்ததில்லை.

கிடங்குக் காவலாளியும் வந்திருந்தார். கைக்கட்டுகளை அவிழ்த்துவிட்டார்கள், விரல்கள் இன்னும் முழுதாக மடங்கவில்லை. தொட்டிக்காரர் குற்றமற்றவர் என்று அவரிடம் சொன்னேன். "அவரை நான் ஒருநாளும் திட்டலைங்க. குழாயைத்தான் திட்டினேன்" என்றார். எங்கள் குழுவினர் அனைவரையும்விட அவர் சரியான இடத்தில் நின்றிருக்கிறார்.

உன் பங்குக் குற்றத்தை எழுதியிருந்தாய். அதை ஏற்றுக்கொள்கிறேன், இல்லை இல்லை என்று முகமன் கூறி உன்னைச் சிறுமைப்படுத்த மாட்டேன். நான் கேட்கவில்லை, நீ சொல்லவில்லை. இருவர்க்கும் நடுவே நீர் தடைப்பட்டது. ஆயினும் திறந்துவிட்டார்கள் என்பதே இன்று என் நெஞ்சில் நிறைந்திருக்கிறது. எழுபது வயதுக்கு மேல் ஒருவனுக்குத் தன் பிழை இன்னதென்று காட்டப்படுவதும், அதைத் திருத்தக் காலம் மிச்சமிருப்பதும், திருத்தத்தை ஏற்க எதிரே ஆள் இருப்பதும் எளிதில் வாய்க்கும் பேறல்ல. மூன்றும் எனக்கு வாய்த்தன. காட்டியவள் உன் அக்காள். காலம் தந்தவன் இறைவன். எதிரே இருந்தவன் நீ.

முதல் தேதி காலை நீ பணியில் சேரும்போது தொட்டியடியில் நிற்பேன். வரவேற்க அல்ல. புதுப்பலகையில் எண்களை எந்தப் பக்கமாக எழுதியிருக்கிறார்கள் என்று உன்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வருகிறேன். சொல்வாய் அல்லவா?

நீயும் உன் இல்லாளும் உன் மக்களும் நெடுநாள் நலமே வாழ்க. உன் வீட்டில் குடம் குறையாதிருக்க. கேட்கத் தயங்காத நாவும், சொல்லத் தயங்காத நெஞ்சும் உன் குடியில் என்றும் நிலைக்க. இக்கடிதத்தை எவர் எடுத்துப் படித்தாலும், அவரும் அவர் மனையிலுள்ளோரும் மறைந்து நிற்கும் நன்மையை அறியும் கண் பெற்று, அருள் பெருகி, அமைதி பெருகி வாழ்வாராக.

உன் அத்தான்